சாக்குத் திரைக்கு வெளியே

தாராவி மெயின் ரோட்டில், தோல் கிடங்குகளுக்கு எதிர்ச்சாரியில், ஒரு மாவு மில்லின் மாடியில் குடும்ப நல மையம் இருந்தது. மழை நின்றால் எதிரேயிருந்து உப்புத் தோலின் வீச்சம் ஏறி வரும். மழை பெய்தால் அது அடங்கிச் சாக்கடை ஏறி வரும். இரண்டில் எது தேவலை என்று, ஐந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கும் ஷ்யாமளாவால் சொல்ல முடிந்ததில்லை. கீழே மில் ஓடும்போது மேஜைமேல் வைத்த பேனா தானாக நகரும்.

செம்பூருக்கு அப்பாலிருந்த சமூகப்பணிக் கல்லூரியிலிருந்து வருஷத்துக்கு மூன்று மாணவர்கள் அவளிடம் பயிற்சிக்கு வருவார்கள். கஷ்டத்திலிருக்கும் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒருமுறை போய், உட்கார்ந்து, கேட்டு, பேசி, திரும்பி வந்து நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும். அதற்கு ரெக்கார்டு என்று பெயர். அவர் சொன்னது, நான் சொன்னது, என் மனதில் ஓடியது என்று பக்கம் பக்கமாகப் போகும். தாளின் வலது பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருக்கும். அந்த ஓரம் சூப்பர்வைசருடையது. செவ்வாய்க்கிழமை போனதைப் புதன்கிழமை எழுதிக் கொடுத்தால், ஷ்யாமளா அதைப் படித்துச் சிவப்பு மையில் குறித்து, வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மாணவனை எதிரே உட்கார வைத்துப் பேசுவாள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மற்றவர் துக்கத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு தள்ளாடுவார்கள். சிலர் தூக்கமில்லாமல் வருவார்கள், சிலர் கோபமாக வருவார்கள், ஒரு பெண் போன வருஷம் வாந்தி எடுத்தாள். அவர்களைத் தாங்கிப் பிடிப்பதுதான் அந்த ஒரு மணி நேரம்.

1964இல் வந்த மூவரில் நஜிமுதீனைப் பற்றி அவளுக்குக் கவலை இருக்கவில்லை. தாராவியிலேயே பிறந்தவன். தோல் சுரண்டுகிறவர் மகன். அவர்கள் சந்தில் காலேஜ் வாசல் ஏறிய முதல் ஆள். மற்ற இருவரும் அடித்துத் திருத்தி எழுதி வரும்போது அவன் ரெக்கார்டு மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் ஜூலையிலிருந்து அவன் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை மையத்துக்குத் திரும்பும்போது சட்டையின் இடது தோள் எப்போதும் ஈரமாக இருந்தது. மழையென்றால் இரண்டு தோளும் நனைய வேண்டாமோ என்று அவள் ஒருமுறை நினைத்தாள், கேட்கவில்லை.

"சரியாத் தூங்கறேளா, நஜிமுதீன்?"

"தூங்குதேன் மேடம்."

"அங்க போறது மனசுக்குப் பாரமா இருக்கா?"

"இல்ல மேடம். எல்லாம் சரியாத்தான் போவுது."

சரியாகத்தான் போயிற்று. நூர் நிஷா என்ற விதவையின் குடும்பம் அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கணவன் ஜெயினுலாப்தீன் தோல் கிடங்கில் வேலை செய்தவன், ஜூன் மாத ஆரம்பத்தில் காமாலையில் போய்விட்டான். ஒன்பது வயதில் மெஹராஜ் என்று ஒரு பெண். அவளை உல்லாஸ்நகரில் தகப்பனில்லாத பெண் குழந்தைகளுக்கான விடுதியில் சேர்க்கலாமா என்பது கேள்வி. ஏழாவது ரெக்கார்டில் பதில் கிடைத்துவிட்டது. 'திருமதி நூர் நிஷா சிறிது நேரம் மௌனமாக இருந்தார். என் குழந்தை நன்றாக இருந்தால் போதும் என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.'

'நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்' என்று ஓரத்தில் ஷ்யாமளா எழுதினாள். வியாழக்கிழமை மாலையே மையத்தின் கமிட்டி அந்த ரெக்கார்டைப் பார்த்து விடுதிக்குச் சிபாரிசு செய்தது. திங்கட்கிழமை காலை குழந்தையைக் கொண்டுபோய் விட வேண்டும். பாரத்தில் தாயின் கையெழுத்து மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமை நஜிமுதீனுக்குக் கல்லூரியில் வகுப்பு. சூப்பர்வைசர் அந்தக் குடும்பங்களைப் போய்ப் பார்ப்பதில்லை, பார்த்தால் மாணவனுக்கு அங்கே மதிப்பிருக்காது என்பது வழக்கம். கையெழுத்து ஒன்றுதானே என்று ஷ்யாமளா குடையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள்.

கால் வைப்பதற்காகச் சந்து நெடுகக் கல் போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் குழியிலிருந்து வழிந்த வெள்ளைத் தண்ணீர் கல்லுக்குக் கல் சுழித்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேர் நனைந்த தோல்களைக் கம்பில் கோத்துத் தோளில் தூக்கி எதிரே வர, அவள் ஒரு கதவோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள். சந்தின் முடிவில் குழாய். குழாயில் தண்ணீர் இல்லை, ஆனாலும் குடங்களும் தகரங்களும் வரிசையில் காத்திருந்தன.

நூர் நிஷாவின் கோலி ஒற்றை அறைதான்; வாசலில் கதவுக்குப் பதில் சாக்குத் திரை தொங்கியது. பக்கத்துக் கோலி வாசலில் ஒரு பெண் முறத்தில் ரேஷன் கோதுமைக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு, சென்டர் அம்மாவா? உள்ள போங்க. நான் இசக்கி, பக்கத்துக் கோலி. ஏ நூரு, ஒன்னப் பாக்க ஆளு வந்திருக்கு. பொம்பளையாளுதான், பயப்படாத."

திரையை விலக்கி ஷ்யாமளா உள்ளே நுழைந்தாள். வெள்ளைச் சேலை உடுத்திய பெண் ஒருத்தி, இருபத்தெட்டு வயதிருக்கும், மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து தோல் பர்சுகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் புளி ஆணம் கொதித்து அடங்கியிருந்தது. தைத்த பர்சுகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்த சிறுமி எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. ஏட்டி மெஹராஜ், பாய எடுத்துப் போடு."

ஷ்யாமளா பாயில் உட்கார்ந்தாள். "விடுதியில எடம் கெடைச்சுடுத்து. திங்கட்கிழமை சேத்துடலாம். நீங்க நஜிமுதீன்கிட்ட சொன்னேளே, அதை வெச்சுத்தான் கமிட்டியில சரின்னா."

"எந்த நஜிமுதீன்?"

"வாராவாரம் செவ்வாய்க்கிழமை உங்களோட வந்து பேசறாரே."

நூர் நிஷா ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினாள். "எங்கூட யாரும் பேசலியேம்மா. ஒரு புள்ள வரும். தண்ணி எடுத்தாந்து வெளியே வெச்சிட்டுப் போவும். அதச் சொல்லுதியளா? அது மொகம் எனக்குத் தெரியாது. இருமுனா அதுதான்னு தெரியும்."

"பேசவே இல்லையா?"

"எப்பிடிப் பேசும்? நான் இத்தா இருக்கேனே."

வாசலிலிருந்து இசக்கி எட்டிப் பார்த்தாள். "நாலு மாசம் பத்து நாளு, அம்மா. புருசன் செத்தா அவ்வளவு நாளு வெளி ஆம்பள மொகம் பாக்கக் கூடாது. கொழுந்தன், மச்சினன்கூட திரைக்கு அந்தாலதான். இங்க அஞ்சு வருசம் இருக்கிய, தெரியாதா?"

இத்தா என்ற சொல்லை ஷ்யாமளா கேட்டிருந்தாள். துக்கம் காக்கிறார்கள் என்று பொதுவாகப் புரிந்துகொண்டு நிறுத்தியிருந்தாள். வீட்டுக்குள் ஓர் இளைஞனை அனுப்பும்போது அது வாசலிலேயே அவனைத் தடுக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் நூர் நிஷா. குரல் உயரவில்லை. "எம் புள்ளைய விடுதிக்குக் குடுக்கதா யாரு சொன்னா?"

ஷ்யாமளாவின் கைப்பைக்குள் ஏழாவது ரெக்கார்டு இருந்தது.

"எங்க அவரோட அண்ணன், நாகூர் மீரான் மச்சானாத்தான் இருக்கும். அவருக்கு அஞ்சு புள்ள. தம்பி புள்ளையையும் சொமக்கணுமேன்னு பயம். நல்ல மனுசன்தான். வெளியே நின்னு சொன்னாரு, நான் பதில் பேசல. பேசலன்னா சரின்னு அர்த்தமா? இத்தா முடியட்டும், வெளிய வந்து பதில் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள சீட்டே வாங்கிட்டியளா?"

மெஹராஜ் பர்சுக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள், பிறகு ஷ்யாமளாவைப் பார்த்தாள்.

"இன்னும் அம்பத்தஞ்சு நாளு" என்றாள் சிறுமி, யாரும் கேட்காமலே.

மாதுங்கா வீட்டில் அன்று மொளகூட்டலும் அப்பளமும். ஷ்யாமளாவின் கணவர் சுந்தரராமன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அவர் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்.

"ஏழு வாரமும் பொய்யா? பேஷ். எங்க ஆபீஸ்ல போகாத எடத்துக்குப் போனேன்னு ரிப்போர்ட் எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவா."

"காலேஜும் அனுப்பிடும். ரெக்கார்டைப் பொய்யா எழுதினா வேற தண்டனை கெடையாது."

"அப்பறம் என்ன யோசனை? மோர் விடு. அந்தப் பையனை அந்தக் குடும்பத்துக்குப் போட்டது யாரு?"

"நான்தான். தமிழ் பேசற முஸ்லிம் பையன், அதே தாராவி, பொருத்தமா இருக்கும்னு நெனச்சேன். என் கிட்ட இருக்கற மத்த ரெண்டு பேரும் பொண்கள். ரெண்டுல யாரைப் போட்டிருந்தாலும் நேர உள்ள போய் அவள் பக்கத்துல உக்காந்திருப்பா."

"அதை அவன் உன்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

ஷ்யாமளா மோர்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை தோறும் ஒரு மணி நேரம், ஏழு வாரம், அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். சொல்வதற்கென்றே வைத்த ஒரு மணி நேரம் அது.

சனிக்கிழமை மையத்துக்கு அரை நாள். நஜிமுதீனுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். வந்தான். உட்காரச் சொல்லும்வரை நின்றான். மேஜைமேல் ஏழு ரெக்கார்டுகளும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"நேத்து நான் அங்க போயிருந்தேன்."

"இசக்கியக்கா சொன்னாங்க."

"எழுதினது வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கோ. மொதல் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?"

 கீழே மில் ஓட ஆரம்பித்து, சிவப்புப் பேனா மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுவதற்கு முன் அவன் எடுத்து நடுவில் வைத்தான்.

"போனேன் மேடம். திரைக்கு வெளியே நின்னு சலாம் சொன்னேன். பதில் இல்ல. அப்புறம் இசக்கியக்காதான் சொன்னாங்க, இத்தா இருக்கான்னு. எனக்கு அங்கயே ஒடம்பு கூசிப் போச்சு. எங்க உம்மா கேட்டா செருப்பாலடிப்பா. மத்லப், என்ன சொல்லுதேன்னா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மூணு மாசத்துக்குள்ள மவுத்தான வீடு, ஒரு முஸ்லிம் பய இதக்கூட யோசிக்காமப் போயி நிக்கேன். ஃபாரத்துல விதவைன்னு இருந்துச்சு. நான் கேஸுன்னு பாத்தேன், வீடுன்னு பாக்கல."

"அப்பறம்?"

"திரும்பி வரத்தான் பாத்தேன். வெளியே நாலு காலிக் குடம் இருந்துச்சு. அவங்க வெளிய வரக் கூடாதுல்லா, இசக்கியக்காவுக்கு இடுப்பு வலி. நல்லுல தண்ணி வர்ற டைம். சரின்னு தூக்கிட்டேன். நாலு குடமும் எடுத்து வெச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. அதான் மேடம் நடந்துச்சு. எல்லா வாரமும் அதேதான்."

அவனுடைய இடது தோள் ஏன் ஈரமாயிருந்தது என்பது அவளுக்குப் புரிந்தது.

"அதை எழுதியிருக்கலாமே."

"நாலு குடம் தண்ணி எடுத்தேன்னா?" அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அத எழுதுதுக்கு எதுக்கு மேடம் எம்.ஏ.? கூலிக்காரன் செய்வான். எங்க வாப்பா செய்வாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீங்கதான மேடம் சொன்னிய, உங்க ஆளுங்கதானே, உங்களுக்குச் சுளுவா இருக்கும்னு. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் இருக்கும்போது சொன்னிய. எங்க ஆளுங்க வீட்டுக்குள்ளயே என்னால நொழைய முடியலன்னா, வேற எதுக்குத்தான் நான் லாயக்குன்னு நெனப்பீங்க? இருந்தாலும் ரெண்டாவது வாரம் சொல்லத்தான் வந்தேன். அல்லா மேல சத்தியமாச் சொல்லுதேன், அன்னிக்கு வாசல் வரைக்கும் வாயில வெச்சிட்டுத்தான் வந்தேன். வந்தா, நீங்க என் ரெக்கார்ட அவங்களுக்கு வாசிச்சுக் காமிச்சிட்டிருந்தீங்க. இப்பிடித்தான் எழுதணும்னு."

ஷ்யாமளாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அவன் வாசலில் நின்றதும், அவள் சிரித்துக்கொண்டே 'வாங்கோ, உங்களைப் பத்தித்தான்' என்று சொன்னதும் நினைவிருந்தது. அவன் முகம் போன விதத்தை வெட்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்னு எழுதினது?"

"நாகூர் மீரான் காக்கா ஆறாவது வாரம் குழாயடியில சொன்னாரு. அவ ஒத்துக்கிட்டா, நீங்க சீட்டு வாங்குங்கன்னு. அவரு சொன்னத அவங்க சொன்ன மாதிரி எழுதிட்டேன்."

"உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதா? ஏழு வாரம் அந்தத் திரைக்கு வெளியில நின்னிருக்கேள்."

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"தெரியும்" என்றான். "உள்ளயிருந்து பேச்சுக் கேக்கும். மெஹராஜ் தெனமும் நாளு எண்ணும். எம்பத்தாறு, எழுபத்தொம்பதுன்னு. இத்தா முடிஞ்ச மறுநாள் உம்மா தன்னைக் கைப்புடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிப் போவான்னு அதுக்கு ஒரு கணக்கு. நாலாவது வாரம் அவங்களே சொன்னாங்க. ஒன்ன நான் எங்கயும் விடமாட்டேன்ட்டி, கெடந்து தூங்குன்னு. என் காதுல விழுந்துச்சு. குடத்த எறக்கி வெச்சிட்டிருந்தேன், நல்லா விழுந்துச்சு."

"விழுந்தும் சம்மதம்னு எழுதினேள்."

"அஞ்சாவது ரெக்கார்டுல அவங்க கொஞ்சம் யோசிக்காங்கன்னு எழுதியிருந்தேன். ஆறாவதுல இன்னும் கொஞ்சம். கதை அப்பிடிப் போயிட்டிருந்துச்சு மேடம்."

சொல்லிவிட்டு அவன் அழுதான். சத்தமில்லாமல், தலையைத் திருப்பிக்கொள்ளாமல். ஷ்யாமளா இடையில் ஒன்றும் பேசவில்லை. அது அவளுக்குத் தெரிந்த தொழில், அழுகிறவர் எதிரே சும்மா இருப்பது. ஆனால் அன்று அந்தச் சும்மாயிருத்தலில் தொழில் இல்லை. 

அவன் முகத்தைத் துடைத்த பிறகு இருவரும் செயலாளர் பிரம்மநாயகத்திடம் போனார்கள். அவர் திருநெல்வேலிக்காரர், கமிட்டிக் கடிதங்களெல்லாம் அவர் கையால் போக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீட்ட ரத்து பண்ணணும்னா விடுதிக்குக் காரணம் எழுதணும். ரெக்கார்டு பொய்யின்னு எழுதுனா அந்தக் காயிதத்துக்கு ஒரு காப்பி காலேஜுக்குப் போவும். தம்பி படிப்பு அன்னைக்கே முடிஞ்சுது. உங்க பேரும் சேந்து அடிபடும், அம்மா. ஒரு மாணவனைப் பாத்துக்கிடத் தெரியலன்னுதான பேசுவான்?"

"பேசட்டும்."

"கொஞ்சம் பொறுங்க. எதுக்கு இவ்வளவு தூரம்? தாய்க்கு மனசு மாறிட்டுன்னு ஒரு வரி எழுதுங்க. தாய் மனசு மாறாதா? ஒலகத்துல நடக்காததா? புள்ள வீட்ல இருக்கும், தம்பியும் பொழச்சான், ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை அவர் நகர்த்தினார். ஷ்யாமளா அதைப் பார்த்தாள். ஒரு வரிதான். நேற்று இரவிலிருந்து அந்த ஒரு வரியை அவளும் எங்கோ வைத்திருந்தாள் என்பது பிரம்மநாயகம் சொன்ன பிறகே தெரிந்தது. சிறுமிக்கு அதனால் நஷ்டமில்லை. இவனை அதற்குப் பிறகு சீர்ப்படுத்திக்கொள்ளலாம். அவள் பேனாவைத் திறந்தாள்.

"மனசு மாறலியே, சார்" என்றான் நஜிமுதீன்.

பிரம்மநாயகம் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "ஒனக்காகத்தாண்டே சொல்லுதேன்."

"தெரியுது, சார். ஆனா அவங்க மனசு மொதல்லேருந்து ஒரே மாதிரித்தான இருந்துச்சு. மாறுச்சுன்னு எழுதுனா, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு பேசுற பொம்பளன்னு அவங்க ஃபைல்ல நிக்கும். அடுத்த வாட்டி உதவின்னு வந்தா அதத்தான் எடுத்துப் பாப்பீங்க." அவன் ஷ்யாமளாவின் பக்கம் திரும்பினான். "நான் ஏழு எழுதியாச்சு. எட்டாவது நீங்க எழுதாதீங்க, மேடம்."

ஷ்யாமளா பேனாவை மூடவில்லை. அந்தத் தாளிலேயே எழுத ஆரம்பித்தாள். கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண்ணிடம் ஓர் ஆண் மாணவனை அனுப்பியது சூப்பர்வைசராகிய தன் பிழை என்பது முதல் வாக்கியம். அவனால் உள்ளே போக முடியாது என்பதைச் சொல்வதற்கு இடம் வைக்காதது இரண்டாவது. ஏழு ரெக்கார்டுகளும் நடக்காதவை, தாய் ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்பது மூன்றாவது. மாணவன் செய்தது என்னவென்று அவன் கையாலேயே எழுதித் தருவான், அதைப் படித்த பிறகு கல்லூரி முடிவு செய்யட்டும், இன்னொரு தவணை என் பொறுப்பில் அவனை வைத்துப் பயிற்சி தர விரும்புகிறேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லாருக்கு" என்றார் பிரம்மநாயகம், படித்துவிட்டு. "ஒருத்தருக்கு ரெண்டு பேரா மாட்டிக்கிட்டிய." ஆனாலும் அலுவலக முத்திரையை அவரே தேடி எடுத்து, மையில் ஒற்றி, கோணாமல் குத்தினார்.

நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்குக் கால் மணி முன்னால் இருவரும் சந்தில் நடந்தார்கள். மழை தூறலாக இருந்தது. குழாயடியில் நாகூர் மீரான் முழங்கை வரை சுண்ணாம்பு வெளுத்த கைகளோடு நின்றிருந்தார். ஷ்யாமளா அவரிடம் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"அப்ப வேணாம்னா வாய்தொறந்து சொல்ல வேண்டியதுதான? நான் நல்லதுக்குத்தான் பாத்தேன். அங்க மூணு வேளச் சோறு, அம்மா. எங்க ஏழு பேருக்கு ஒரு கோலி." கையிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். "சரி. தம்பி புள்ள தம்பி பொண்டாட்டிகிட்டயே இருக்கட்டும். நான் கழுத்தப் புடிச்சா தள்ளப் போறேன்?"

கோலி வாசலில் இசக்கி நகர்ந்து இடம் விட்டாள். நஜிமுதீன் திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். ஷ்யாமளா உள்ளே போகக் கையெடுத்து, போகாமல் அவன் பக்கத்திலேயே நின்றாள்.

"சொல்லுங்கோ."

"லாத்தா" என்று, அக்காவை அழைப்பதுபோல், திரையைப் பார்த்துச் சொன்னான் அவன். இருமினான். மறுபடி ஆரம்பித்தான். "லாத்தா, நான் சென்டர்லருந்து வர்ற நஜிமுதீன். நீங்க பேசாததெல்லாம் பேசுன மாதிரி எழுதி வெச்சிட்டேன். புள்ளைய அனுப்ப ஒத்துக்கிட்டியன்னு எழுதுனேன். அத இன்னிக்கு ரத்து பண்ணியாச்சு. மெஹராஜ் எங்கயும் போவாது. நான் செஞ்சது தப்பு."

உள்ளே தோலில் நூல் இழுபடும் சத்தம் நின்றது. சந்துக்கு அப்பால் யாரோ தோலைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இசக்கியக்கா" என்றது உள்ளேயிருந்து குரல். "எழுதுனத வாசிக்கச் சொல்லுங்க."

"எதுக்குளா? அதான் ரத்துன்னுட்டாகளே."

"நான் என்ன பேசுனேன்னு எனக்குத் தெரிய வேணாமா? வாசிக்கச் சொல்லுங்க."

ஷ்யாமளா பையிலிருந்து ஏழாவது ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை அவன் தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னான். தூறல் தாளில் விழுந்து சிவப்பு மை கரைந்தது. 'கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. என் புள்ள நல்லாருந்தாப் போதும்னு சொன்னாங்க. முந்தானையால கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க.' அந்த இடத்தில் அவன் நிறுத்தினான்.

"கண்ணத் தொடச்சேனா?"

நஜிமுதீன் தாளை இறக்கிக்கொண்டான்.

"அவர மய்யத்தா இந்த வாசல் வழியாத்தான் எடுத்தாங்க. அன்னிக்கும் நான் அழல. அழுதா இந்தப் புள்ள பயந்துக்கும்னு அழல. இன்னிய வரைக்கும் அழல. எழுதுதுன்னா அத எழுதச் சொல்லுங்க."

இசக்கியிடம் சொல்கிற மாதிரி தொடங்கிய குரல் முடியும்போது யாருக்கென்று தெளிவாக இருந்தது. நஜிமுதீன் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினான். ரெக்கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில், சுவரில் வைத்து எழுதினான். தமிழ் எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. ஒவ்வோர் எழுத்தாக வரைந்தான். 'அழவில்லை' என்பதற்கே அவ்வளவு நேரம் ஆயிற்று. ஷ்யாமளா திருத்தவில்லை.

"எழுதிட்டேன், லாத்தா."

குழாயடியில் காற்று சீறும் சத்தம் கேட்டது. தண்ணீர் வருவதற்கு முன்னால் அப்படித்தான் சீறும். தகரங்களும் குடங்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, வரிசையில் வழக்கமான சண்டை ஆரம்பித்தது.

சாக்குத் திரையின் அடிப்பக்கம் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு காலிக் குடம் தரையில் உரசிக்கொண்டு வெளியே வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று.

அவன் தாளை மடித்து ஷ்யாமளாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து குடங்களை எடுத்தான். ஒன்றை இடது தோளில் வைத்துக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தான்.

உள்ளே சிறுமியின் குரல் கேட்டது. "அம்பத்தி நாலு, உம்மா."

"ம். நூலை நறுக்கு."